போகிற சத்தம், வருகிற சத்தம்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரே ஒரு பிரிவுதான். அதனால் என் மகளுக்கு நானே ஆசிரியை. இதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, அவளுக்குத்தான் இருந்தது. பள்ளி திறந்த முதல் நாள், ஸ்கூட்டியை விட்டு இறங்கும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“ஸ்கூல்ல நா உன்ன டீச்சர்னுதான் கூப்டுவேன். நீயும் என்னக் கண்ணு, செல்லம்லாம் சொல்லக் கூடாது. புரிதா?”

“சரிங்க மேடம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் அப்படியே அவள் அப்பாவுடையது.

அவள் அப்பாவும் நானும் தூத்துக்குடிப் பக்கம். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் அழைத்துவந்து, வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தார். மகள் இங்கேயே பிறந்தாள். நாங்கள் ‘என்ன செய்யுத’ என்போம், அவள் ‘இன்னா பண்ற’ என்பாள். திருத்திப் பார்த்தேன். வகுப்பில் நான் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அவள் என்னைத் திருத்த ஆரம்பித்த பிறகு விட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் குடியிருக்கிற எவருக்கும் ஒரு சட்டம் தெரியும். ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஷிப்ட்டுக்காரர் வந்து மெஷின் முன்னால் நின்றால்தான் இவர் இடத்தை விட்டு நகரலாம். அப்படி வருகிறவருக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வராவிட்டால், அவர் வரும்வரை நிற்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஆறிப்போன சோற்றுக்கெல்லாம் முகம் தெரியாத இந்த ரிலீவர்கள்தான் காரணம். என் வீட்டுக்காரர் தாமதமாக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே “ரிலீவர் வரலட்டி” என்பார். நான் அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே குழம்பைச் சுடவைப்பேன். மகள் பேசத் தொடங்கிய காலத்திலேயே தெரிந்துகொண்ட வார்த்தை அது. பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவள் எழுந்து போகும்போது, கரடியைப் பக்கத்தில் உட்காரவைத்து “நீ ரிலீவரு” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

கம்பெனி அவரைப் போலந்துக்கு அனுப்பியது. அங்கே புதிதாக ஒரு உற்பத்தி லைன் போடுகிறார்கள், ஓட்டிக் காட்டி, அங்குள்ளவர்களைப் பழக்கிவிட்டு வர வேண்டும், ஆறு மாதம் என்றார்கள். விமான நிலையத்தில் அவர் மகளுக்கு முன் குந்தி உட்கார்ந்தார்.

“அப்பா ஒரு பெரிய ஷிப்ட் போயிட்டு வாரேன்.”

“ரிலீவர் வந்துட்டா வந்துருவியா?”

“அடுத்த பிளைட்டுல வந்துருவேன்.”

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவள்தான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஆறு மாதம் ஓராண்டு ஆனது. இதற்குள் அவளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல்முறையாக நற்கருணை, வாங்கும் வயது வந்துவிட்டது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஞானப்பாட வகுப்புக்குப் போனாள். கோடை விடுமுறை தொடங்கியதும் புதுநன்மை என்று பங்குத்தந்தை அறிவித்தார். வெள்ளைச் சட்டை எப்படி இருக்க வேண்டும், தலையில் எந்தப் பூ என்பதைவிட, அவளுக்கு ஒன்றுதான் முக்கியமாக இருந்தது. அப்பா வர வேண்டும். வருகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார். எனக்கும் வேறு வேண்டுதல் இல்லை. வேளாங்கண்ணி மாதாவிடம் நான் பேரம் பேசிய விதத்தை வெளியே சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாதம் முழுக்க ஒரே பொருளை எல்லாப் பாடங்களிலும் நடத்த வேண்டும். தமிழிலும் அதுவே, கணக்கிலும் அதுவே, ஓவியத்திலும் விளையாட்டிலும் அதுவே. பொருளை யார் தேர்ந்தெடுப்பது என்று சண்டை வரக் கூடாதென்று டிபன் டப்பா மூடியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். இரண்டாம் வகுப்புக்குத் தண்ணீர் வந்தது. நான்காம் வகுப்புக்குச் சந்தை. என் சீட்டைப் பிரித்தேன். ‘பறத்தல்’ என்று இருந்தது.

“சிஸ்டர், எனக்கு வேற சீட்டு குடுங்க.”

“ஏன் டீச்சர்? பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே.”

பிடிக்காமல் என்ன. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறது என்பார்களே, அந்த வேலை இப்படி நாலாக மடித்து டிபன் டப்பா மூடியில் வைத்துத் தருவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

தமிழில் தொடங்கினேன். இறகு, சிறகு, அலகு என்று பலகையில் எழுதி, உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்ற பழமொழியைச் சொன்னேன். முதல் வரிசையிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள்.

“குருவி எதுக்கு டீச்சர் பருந்தாவணும்? அது பாட்டுக்கு கீதே.”

அவள் சொன்னதையும் பலகையில் எழுதிப்போட்டேன். அறிவியலில், கோழிக்குச் சிறகிருந்தும் ஏன் உயரப் பறக்க முடியவில்லை என்று கேட்டேன். “கறிக்கடைல ரெக்கைய வெட்டிட்றாங்கோ டீச்சர்” என்று கடைசி வரிசையே ஒரே குரலில் சொன்னது. காய்ந்த முருங்கைக்காயை உடைத்து, மெல்லிய சிறகு ஒட்டிய விதைகளை மாடிப்படியிலிருந்து விட்டோம். அவை சுழன்று சுழன்று இறங்கின. பிள்ளைகள் பொறுக்கி வந்து மறுபடி விட்டார்கள், மறுபடி பொறுக்கினார்கள், மதிய மணி அடித்தும் யாரும் சாப்பிடப் போகவில்லை.

ஓவிய வகுப்பில்தான் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விமானம் வரையச் சொன்னால், அத்தனை பேரும் கம்பெனி பஸ்ஸை வரைந்து அதற்கு இறக்கை வைத்திருந்தார்கள். முன்கண்ணாடியில் ‘ஏ ஷிப்ட்’ என்று அட்டை. ஒரு விமானத்தின் நெற்றியில் ‘சிங்கப்பெருமாள் கோவில் வழி’ என்று எழுதியிருந்தது. வரைந்தவனைக் கேட்டேன். “ரயிலு ஸ்டேஷன்ல ஆளு ஏத்திகினுதான டீச்சர் போவும்?” என்றான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விடிந்ததும் அப்பாவையோ அம்மாவையோ ஏற்றிக்கொண்டு போவதும், பொழுது சாய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அந்த பஸ்தான். அவர்களுக்குத் தெரிந்தவரை, போன வண்டி திரும்பி வரும்.

கணக்கு வகுப்பில் தூரமும் நேரமும் எடுத்தேன். சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம், துபாய்க்கு எவ்வளவு நேரம். பிள்ளைகளுக்கு மணிக் கணக்கு ஏறவில்லை. ஷிப்ட் கணக்கில் சொன்னதும் சட்டென்று ஏறியது. துபாய் அரை ஷிப்ட். என் மகள் எழுந்தாள்.

“போலந்து, டீச்சர்?”

நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும் என்றேன், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்திலிருந்தவன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “டபுள் ஷிப்ட்டு” என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. டபுள் ஷிப்ட் அவளுக்குத் தெரிந்த தூரம். அவள் அப்பா எத்தனையோ தடவை டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

மீனம்பாக்கத்தில் ஏறுகிறதும் இறங்குகிறதுமான விமானங்கள் சில எங்கள் பள்ளிக்கு மேலாகப் போகும். அவர் போன நாளிலிருந்து ஒன்றைக்கூட விடாமல் அண்ணாந்து பார்ப்பவள் என் மகள். எனவே வானத்தைக் கவனித்து வகுப்புக்குச் சொல்லும் வேலையை அவளுக்கே கொடுத்தேன். நாலைந்து நாளில் வந்து ஒப்பித்தாள்.

“வர்ற பிளேனு தாழ வருது டீச்சர், உஸ்ஸுனு சத்தம் கம்மியா கீது. போறது மூக்கத் தூக்கினு, கத்திகினு போவுது.”

பிள்ளைகள் நம்பவில்லை. துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டிவிட்டு, மைதானத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். சத்தம் கேட்டதும் ‘வர்றது’ என்பாள், ‘போறது’ என்பாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. இடைவேளைகளில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ‘வர்றது’ என்று சொல்லும்போதெல்லாம் அவள் குரல் கொஞ்சம் ஏறும். அது எனக்கு மட்டும் கேட்டது.

எனக்கு அவர் வேண்டும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் என்றால் அதையெல்லாம் சொல்லக் கூடாது போலிருக்கிறது. அவர் சட்டையில் எப்போதும் மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட் ஆயில் வாடை இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாணமான புதிதில் அதற்காக மூக்கைப் பொத்தியிருக்கிறேன், தனி வாளியில் ஊறவைத்திருக்கிறேன். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்த ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதே வாடை. நான் இறங்க வேண்டிய இடம் போய், அடுத்த நிறுத்தமும் போய்விட்டது. “எங்கக்கா எறங்கணும்?” என்று அவன் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. வெயிலில் திரும்பி நடந்தேன். நடக்கும்போது அழுதேன், துடைத்தேன், அந்தத் தம்பியையும் காரணமில்லாமல் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவர் முகத்தைத் திரையில் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன சொல்லுதிய? லீவு இல்லன்னுட்டானுவளா?”

“எனக்குப் பதிலா வர வேண்டியவனுக்கு விசா ஆகலட்டி. அவன் வராம என்ன விட மாட்டேங்கானுவ. கேட்டுப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன்.”

“பிள்ளைட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க. எனக்குத் தெம்பு இல்ல.”

போனை அவளிடம் கொடுத்தேன். அவர் சொன்னதை அடுப்பருகே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். “புதுநன்மைக்கு அப்பா வர முடியாதும்மா. ரிலீவர் வரல.”

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. “சரிப்பா” என்றாள். எப்போதும் நடக்கிற விஷயம் மாதிரி தலையாட்டினாள். ரிலீவர் வராவிட்டால் ஆள் எப்படி வருவார்? போனை என்னிடம் தந்துவிட்டுப் போய் உலக உருண்டையை எடுத்துவைத்துக்கொண்டாள். வகுப்பில் சமூக அறிவியலுக்காக நான் வாங்கியது அது. இந்தியாவில் கட்டைவிரலை வைத்து, போலந்துவரை கையை விரித்து விரித்துப் பார்த்தாள். எட்டியது. அவள் அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதத்தின் கடைசி நாள், வகுப்பறையையே விமானமாக்கினோம். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டு நடுவே வழி விட்டோம். பயணச்சீட்டு வேண்டாமா என்றேன். வேண்டாம், டேக் போதும் என்றார்கள். எல்லார் வீட்டிலும் அப்பா அம்மாவின் பழைய கம்பெனி டேக், கயிற்றில் கோத்த அடையாள அட்டை, கிடக்கிறது. நீலம், சிவப்பு, பச்சை என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, அதில் டேக்கைத் தட்டி ‘டிங்’ என்று வாயால் சொல்லிவிட்டு ஏறினார்கள். விமானத்தில் பஞ்ச் அடித்துத்தான் ஏறுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நான் திருத்தவில்லை. என் மகள் அவள் அப்பாவின் டேக்கை மாட்டியிருந்தாள். அது அவளுக்குத் தொப்புள்வரை தொங்கியது. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் நான் வைத்திருந்த டேக் அது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

நான்தான் பணிப்பெண். ஒவ்வொருவரிடமும் போய், எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தன் சிங்கப்பூருக்கு, மாமாவைப் பார்க்க. ஒருத்தி திருச்செந்தூருக்கு, மொட்டை போட. இன்னொருத்தி மறைமலை நகருக்கு. அங்கே போக விமானம் எதற்கு என்றேன். “சித்தி வூட்டுக்கு டீச்சர், ஆட்டோல போனா வாந்தி வருது” என்றாள். வகுப்பு முழுக்க ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்போடே மகளிடம் போனேன்.

“நீங்க எங்க போறீங்க மேடம்?”

“போலந்து, டீச்சர்.”

“எதுக்கு?”

“எங்கப்பாவுக்கு ரிலீவரா.”

என் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அதில் விசித்திரமாக ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு அது நியாயமான காரணம். உடனே ஆலோசனையில் இறங்கிவிட்டார்கள்.

“உன்ன வுட மாட்டாங்கோ. பதினெட்டு ஆவணும். எங்கக்காவையே கம்பெனி கேட்ல திருப்பி அனுச்சிட்டாங்கோ.”

“எங்க சித்தப்பா வூட்லதான் கீறாரு. அவர வேணா அனுப்பலாமா டீச்சர்?”

“டீச்சரே போட்டும்டா. டீச்சருக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“டீச்சர் போனா நம்பளுக்கு யாரு ரிலீவரு?”

வகுப்பு கொஞ்சம் யோசித்தது. அப்போது என் மகள் எழுந்து நின்று, எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ போவாதம்மா” என்றாள். “நீயும் போய்ட்டா எனக்கு யாரும் இல்ல. ரிலீவர் வர்ற வரைக்கும் நீ நவுரக் கூடாது.”

ஜூன் மாதத்திலிருந்து அந்த வகுப்பறைக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. நானும் சட்டத்தை மீறி, “இல்ல கண்ணு, போக மாட்டேன்” என்றேன். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுத ஒன்றுமில்லாமல் எதையோ எழுதினேன். அவள் சொன்னதுதான் சரி. சிலிண்டர் மாற்றுவது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது, பல்லி வந்தால் துரத்துவது என்று இரண்டு ஆள் வேலையை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு, வரவேண்டிய ஒருவருக்காக நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் போனில் சொன்னேன். முதலில் மறைமலை நகர்க் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். பிறகு மற்றதைச் சொன்னேன். 

“அந்த டேக்க அவளே வச்சிக்கிடட்டும்” என்றார். குரல் உடைந்திருந்தது.

புதுநன்மை அன்று காலை வெள்ளைச் சட்டையும் முடியில் வெள்ளைப் பூவளையமுமாக அவளைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். சட்டைக்குள்ளே டேக்கின் நீலக் கயிறு தெரிந்தது. கழற்றச் சொல்லவில்லை. பூசையின் முடிவில் பங்குத்தந்தை, பெற்றோர் இருவரும் பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதியுங்கள் என்றார். என் இருபுறமும் அம்மாக்களும் அப்பாக்களுமாக எழுந்தார்கள். நான் இரண்டு கையையும் அவள் தலையில் வைத்தேன்.

“ஒரு கை அப்பாவோடது” என்று குனிந்து அவள் காதில் சொன்னேன்.

“அப்பா கை இவ்ளோ சின்னதா இருக்காது” என்றாள். ஆனாலும் தலையை அசைக்காமல் நின்றாள்.

வெளியே மாதா கெபிக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள், பக்கத்தில் நான். அவளுக்கு அந்தப்பக்கம் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தோம். நாங்களாகத் திட்டமிட்டு விடவில்லை. போட்டோக்காரர் “கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க” என்று சொன்னபோதுதான் கவனித்தேன். அந்த நேரத்தில் மேலே சத்தம் கேட்டது. ஓராண்டாக இல்லாத ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, நான் சட்டென்று அண்ணாந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருப்பார், இதில்தான் வருகிறார் என்று என் புத்தி அந்த ஒரு நிமிடத்தில் என்னவெல்லாமோ கணக்குப் போட்டது. என் மகள் அண்ணாந்து பார்க்கவில்லை. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஒரு கையால் மறைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அது போறதும்மா.”

போட்டோவில் அவள் நேராகப் பார்க்கிறாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.